சோளகத்தில் பழுத்த திராட்சை

“சோளகம் துவங்கிட்டுது மச்சாள். இனிப் பழம் கெதியாப் பழுத்திடும்” என்று மலர் தொலைபேசியில் சொன்னபோது, அவர்கள் ஊரில் சோள அறுவடை ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். “எத்தன ஏக்கர் போட்டிருக்கீங்க?” என்று கேட்டேன்.  மறுமுனையில் அவள் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்துப்போனது. சோளகம் என்றால் சோளம் இல்லையாம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருக்கிற எவருக்கும் தென்மேற்குக் காற்று என்றாலே பயம். கேரளத்து மலையைத் தாண்டி அந்தக் காற்று வந்தால் கூடவே சாரல் வரும். பழுக்கிற நேரத்தில் சாரல் விழுந்தால் பழம் வெடிக்கும். வெடித்த பழத்தைச் சந்தையும் வாங்காது, வைன் ஆலை லாரியும் ஏற்றாது. அந்தக் காற்றை நம்பி இவள் பழம் பழுக்கும் என்கிறாளே என்று பதறிப்போனேன். எங்கள் தோட்டத்தில் அப்போதுதான் கவாத்து முடிந்து துளிர் வரத் தொடங்கியிருந்தது. அதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். “நானே வந்து பாக்குறேன் மலரு” என்று சொல்லிவிட்டேன்.

மலர் எனக்கு மாமன் மகள் முறை. என் தாத்தாவின் தங்கை அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கடல் தாண்டிப் போனவர். அவருடைய மகன் மலையை விட்டு இறங்கி வன்னியில் காடு வெட்டிக் குடியேறினார். அவருக்குப் பிறந்தவள்தான் மலர். நாங்கள் இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு கல்யாணப் படத்தில் ஆரம்பித்த பேச்சு, இருவர் வீட்டிலும் திராட்சைப் பந்தல் இருக்கிறது என்று தெரிந்த பிறகு நிற்கவே இல்லை.

அவள் பந்தல் போட்டு இரண்டு முறை காய்த்தும் கைக்கு ஒன்றும் வரவில்லை. முதல் முறை பழுக்கும்போது மழை. அடுத்த முறை சாம்பல் நோய். இந்த முறையும் தவறினால் கொடியைப் பிடுங்கிவிட்டு மிளகாய் நடுவது என்று அவள் கணவர் சிவா சொல்லிவிட்டார். அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

வவுனியாவில் ஏறிய பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே வெளிச்சமோ வெளிச்சம். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து முட்டும். இங்கே பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. அறுத்த வயல், அதற்கு அந்தப் பக்கம் காடு, நடுவில் திடீரென்று ஒரு குளம், குளத்துக்குள் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். பேருந்துக்குள் ஒரு பையன் “கச்சான், கச்சான்” என்று கூவிக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு பொட்டலம் வாங்கி, கேட்காமலேயே என் கையில் பாதியைக் கொட்டினார். வறுத்த நிலக்கடலை!

“இந்தியாவோ?” என்றார்.

“ஆமாம்மா. திராட்சை பாக்க வந்தேன்.”

“இஞ்சையோ? திராட்சையோ?” என்று கேட்டுவிட்டு அவர் மீதிக் கடலையையும் என்னிடம் தந்தார். பாவம், விவரம் தெரியாமல் வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

கிளிநொச்சியில் இறங்கி அக்கராயன் பக்கம் போகும் பேருந்துக்கு மாறினேன். பாதி வழியில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, “ரயருக்குக் காத்துப் போட்டுது” என்று அறிவித்தார். நான் சந்தோஷமாக, “அப்பக் கிளம்பலாம்ல?” என்றேன். பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது. காற்றுப் போட்டுது என்றால் காற்றுப் போய்விட்டது என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் காற்றுப் போட்டால் வண்டி ஓடும். இங்கே நின்றுவிடும்.

மாற்றுச் சக்கரம் வர நேரமாகும் என்றார்கள். மலருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இரட்டைச் சக்கரக் கையுழவு இயந்திரம் ஒன்று பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு தடதடவென்று வந்தது. லான்ட்மாஸ்ரர் என்கிறார்கள். ஓட்டி வந்தவர் ஒல்லியாக, உயரமாக, கூச்சத்தோடு சிரித்தார். “வாங்கோ அக்கா, நான் சிவா. பெட்டிக்குள்ள ஏறுங்கோ. இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.” குடும்பத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரை நம்பி நெல் செய்கிறவர். கொடியைப் பிடுங்கப்போகிறவர் இவர்தானா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வழி முழுவதும் காற்று எங்களை எதிர்த்து அடித்தது. வாயைத் திறந்தால் மண். அவர் ஏதோ சொல்வார், காற்று அதை என் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். நான் எல்லாவற்றுக்கும் “ஆமா, ஆமா” என்று தலையாட்டினேன்.

மலர் வாசலிலேயே நின்றாள். எங்கள் அத்தையின் அதே நெற்றி, அதே முன்பல் இடைவெளி. கட்டிப்பிடித்துக்கொண்டோம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். நான் “பந்தல் எங்க?” என்றேன். அவள் “முதல்ல சாப்பிடுங்கோ” என்றாள்.

குசினியில் கதிரை போட்டு உட்காரவைத்தாள். குசினி என்றால் அடுப்படி. சிவப்பரிசிப் புட்டு, தேங்காய்ப்பால் மணக்கும் சொதி, காய்ந்த மிளகாய் இடித்த சம்பல், குளத்து மீன் பொரியல். எங்கள் பக்கம் புட்டு என்றால் சர்க்கரை போட்டுப் பிள்ளைகள் தின்பது. இங்கே அதைச் சொதியில் குழைத்து, மீனைப் பிய்த்து வைத்து, ஒரு வாய் தின்றதும் நான் வந்த வேலையை மறந்துவிட்டேன். “காணுமோ மச்சாள்?” என்று கேட்டாள். எதைப் பார்க்கிறது என்று சுற்றிலும் பார்த்தேன். போதுமா என்று கேட்கிறாளாம்.

பிறகு பந்தலுக்குப் போனோம்.

ஒரு கணம் எனக்கு மனசு விட்டுப்போனது. குலைகள் இருந்தன, நிறையவே இருந்தன. ஆனால் பழம் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. குலையில் பழத்துக்கும் பழத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. எங்கள் ஊர் வியாபாரி கையில் கொடுத்தால் திருப்பி என் மடியிலேயே போட்டுவிடுவான்.  மலர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்னன், என்ன?” என்றாள். பழம் சிறுசு என்கிறாள்.

“வருசம் எப்படி இருந்துச்சு, சொல்லு.”

அவள் பந்தலுக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்து சொன்னாள். வழக்கமாகத் தை பிறந்ததும் மழை விட்டுவிடும். அப்போது கவாத்துச் செய்தால் வெயில் உச்சத்துக்கு வருவதற்குள் காய் உருண்டுவிடும். இந்த வருஷம் மழை விடவே இல்லை. புயல் வேறு அடித்து ஓய்ந்தது. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்து, பந்தலுக்குள் முழங்கால் தண்ணீர். மாசி முடிந்து மண் காய்ந்த பிறகுதான் கத்தரியைக் கையில் எடுக்க முடிந்தது. அதனால் பூ விட்டது சித்திரை வெயிலில். பாதிப் பூ கருகிக் கொட்டிப்போனது. மிஞ்சியதுதான் இந்தக் குலைகள். காய் பருக்கும் காலத்தில் ஒரு துளி மழை இல்லை. அதனால் பழம் பருக்கவில்லை.

“முந்தி மழை கூடிப்போச்சு, பேந்து மழையே இல்லை. நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?”

நான் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். தோல் தடிப்பாக இருந்தது. கடித்ததும் நாக்கின் இரு பக்கமும் இழுத்துக்கொண்டது. இன்னும் புளிப்புத்தான். ஆனால் அந்தப் புளிப்புக்குப் பின்னால் ஒரு வாசனை எழுந்து வந்தது பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊரில் ஆலைக்காரர்கள் லாரியை நிறுத்திவிட்டுத் தேடித் தேடித் தின்று பார்ப்பது இந்த மாதிரிப் பழத்தைத்தான். பருத்த பழத்தில் தண்ணீர் அதிகம். வைனுக்கு நிறமும் மணமும் தோலில் அல்லவா இருக்கிறது!

“மலரு, இது சந்தைப் பழம் இல்லத்தா. இது வைன் பழம்” என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்துப் பக்கம் உரிமம் எடுத்துச் சிறிய அளவில் வைன் செய்யும் பெனடிக்ற் என்பவரிடம் அவள் முன்பே பேசியிருந்தாள். பழத்தில் சர்க்கரை நூற்றுக்குப் பத்தொன்பது இருந்தால் அவ்வளவையும் எடுக்கிறேன், குறைந்தால் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். நான் பையிலிருந்து கண்ணாடிக் குழலை எடுத்தேன். முனையில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எவ்வளவு சர்க்கரை என்று கோடு காட்டும். பதினாறு.

“இன்னும் மூண்டு” என்றாள் மலர்.

மறுநாள் மல்லாவிச் சந்தைக்கு ஒரு பை பழம் கொண்டுபோனோம். வைன்காரர் எடுக்காவிட்டால் வேறு வழி இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா? பழக்கடைக்காரர் ஒருவர் பைக்குள் எட்டிப் பார்த்து, “என்ன பிள்ளை, நாவற்பழமே?” என்றார். இன்னொருவர் ஒன்றைத் தின்று முகத்தைச் சுளித்து, “இதைச் சனம் வாங்காது” என்று முடித்துவிட்டார். மலர் பையைச் சுருட்டிக்கொண்டாள். ஒரு தேநீர்க் கடையில் பால் இல்லாத தேநீர் குடித்தோம். பிளேன்ரீ என்கிறார்கள். வாயில் சீனியைப் போட்டுக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பால் தேநீரை விட்டு நாக்கு வர மறுத்தாலும், இரண்டாவது கோப்பையும் கேட்டேன். மலர் முதல் கோப்பையையே தொடவில்லை.

“அப்ப பெனடிக்ற் அண்ணை மட்டும்தான்” என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழல் பைத்தியம் பிடித்தது. விடிந்ததும் பந்தலின் நான்கு மூலையிலும் நடுவிலும் பழம் பறித்து, சாற்றைக் கலந்து பார்ப்போம். பதினாறரை. பதினேழு. காற்று அடிக்க அடிக்கக் கோடு ஏறியது. தென்மேற்கு ஓரத்தில், காற்று நேராக வந்து மோதும் இடத்தில், மற்ற இடத்தைவிட ஒன்று கூடுதலாகவே இருந்தது! நான் கத்தியே விட்டேன். காற்று பழத்தை அப்படியே கொடியில் வைத்து வற்றவைத்துக்கொண்டிருந்தது. குலை நெருக்கமில்லாமல் இருந்ததால் நடுவிலும் காற்றுப் புகுந்து போனது. ஒரு பழம்கூட அழுகவில்லை. எங்கள் ஊரில் இதே மாதத்தில் மருந்து தெளித்துத் தெளித்துக் கை ஓய்ந்துபோகும்.

ஆனால் காற்று சும்மா விடவில்லை. கொடியில் காயப்போட்ட என் சேலை ஒன்று அடுத்த வீட்டு வளவின் வேலிக்குப் போய்ச் சேர்ந்தது. சோற்றுத் தட்டில் மண் விழுந்தது. பகல் முழுவதும் பனைமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சலசலத்தன. மயில்கள் பந்தலுக்குள் புகுந்து கீழ்க் குலையைக் கொத்தின. நானும் மலரும் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவோம். ஓடி முடித்துச் சிரிப்போம். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது என்பதே மறந்துபோனது.

கோடு பதினெட்டைத் தொட்ட அன்று வீட்டுக்காரர் அழைத்தார். “இங்க சாரல் ஆரம்பிச்சிருச்சு. பக்கத்துத் தோட்டத்துல பழம் பூராம் வெடிச்சுப்போச்சு. நல்லவேள, நம்மளுது துளிருதான்” என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். தென்மேற்கே கறுத்த மேகம் திரண்டு நின்றது. எங்கள் ஊரில் அப்படி ஒரு மேகத்தைப் பார்த்தால் யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். கூடையை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

“மலரு, இப்பவே பறிச்சிரலாம்!”

“பதினெட்டுத்தானே மச்சாள்? அவர் எடுக்க மாட்டார்.”

“கெஞ்சிக் கேப்போம். மழ விழுந்தா அதுவும் போயிரும். மேகத்தப் பாரு!”

“அது இஞ்ச பெய்யாது. சோளகம் மழை கொண்டராது.”

“மேகம் பொய் சொல்லுமா?”

சிவா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அக்கா சொல்லுறது சரி போலக் கிடக்குது. அவா எத்தினை வருசமாச் செய்யிறா” என்றார்.

மலருக்கு முகம் சிவந்துவிட்டது. “அவா அவாட மழையைப் பாத்து வளந்தவா. நான் இந்தக் காத்துக்க வளந்தனான். ரெண்டு தரம் நான் பிழை விட்டனான் எண்டதுக்காக எனக்கு என்ர ஊர்க் காத்தும் தெரியாதோ? ஒருத்தரும் குலையில கை வைக்கக் கூடாது.” சொல்லிவிட்டு அவள் போய்ப் பந்தல் வாசலில் நின்றுகொண்டாள். கையில் கத்தரி இருந்தது.

நான் திண்டாடிப்போனேன். விருந்தாளியாக வந்த இடத்தில் சண்டை பிடிக்கிறேனே என்று ஒரு பக்கம். கண் முன்னால் ஒரு விளைச்சல் போகப்போகிறதே என்று இன்னொரு பக்கம். மேகம் எங்கள் தலைக்கு மேலே வந்தது. வெயில் மறைந்தது. நான் உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். ஒரு துளி வரவில்லை. மேகம் வந்த வேகத்தில் கிழிந்து, வடகிழக்கே கடல் பக்கமாகப் போய்க் காணாமல் போனது. மறுபடியும் வெயில் சுள்ளென்று அடித்தது.

மலர் என்னிடம் வந்தாள். வென்ற முகம் இல்லை. அழுதிருந்தாள். “எனக்கும் பயமாத்தான் இருந்தது மச்சாள்” என்றாள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு கணக்குக்கு வந்தோம். எங்கள் காற்றும் இவர்கள் காற்றும் ஒரே திசையிலிருந்துதான் வருகின்றன. எங்களுக்கு மேற்கே மலை நெருங்கி நிற்பதால் காற்று அதில் ஏறி இறங்கும்போது சாரலை எங்கள் மேல் உதறுகிறது. இங்கே காற்றை நிறுத்த எதுவும் இல்லை. மழையெல்லாம் தெற்கே, அவள் அப்பா பிறந்த தேயிலை மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வன்னிக்கு வருவது வெறும் காற்று. இத்தனை வருஷம் திராட்சை வைத்தும் எனக்கு இது தோன்றியதே இல்லை.

பத்தொன்பதைத் தொட்ட காலையில் நாங்கள் இருவரும் குழலை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். சந்தேகமே இல்லை. மலர் பெனடிக்ற்றுக்குத் தொலைபேசி எடுத்தாள். நாளைக் காலை லொறியோடு வருவதாகச் சொன்னார். ஊரில் நாலு வீட்டுக்குச் சொல்லி, விடியற்காலை பறிக்க ஆள் ஏற்பாடு செய்தோம்.

அன்று பின்னேரம் பந்தல் விழுந்தது.

மாரிகாலம் முழுவதும் தண்ணீரில் நின்ற மரக் கால்கள் அடியில் உளுத்துப்போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை. மேலே முழுப் பாரமும் பழம். காற்று ஒரு பலத்த வீச்சு வீசியது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். தென்மேற்கு மூலைக் கால் முறிந்தது. அடுத்த காலும் முறிந்தது. பந்தல் முழுவதும் கம்பிகள் கிறீச்சிட, ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கத் தொடங்கியது. மலர் “ஐயோ” என்று கத்தினாள். நான் ஓடிப்போய் ஒரு கம்பியைப் பிடித்தேன். அது என்னையும் சேர்த்து இழுத்தது.

அப்போதுதான் சிவா உள்ளே பாய்ந்தார். குனிந்து, சரிந்த சட்டத்துக்குக் கீழே தோளைக் கொடுத்து நிமிர்ந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. “வெட்டுங்கோ! நான் பிடிச்சிருக்கிறன், குலையை வெட்டுங்கோ!” என்று கத்தினார். கொடியைப் பிடுங்குவேன் என்ற மனிதர்!

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ தடி கொண்டுவந்தார்கள், யாரோ ஏணி, யாரோ தங்கள் வீட்டு வாசல் கதவையே கழற்றிக்கொண்டு வந்து முட்டுக் கொடுத்தார்கள். ஆண்கள் தாங்கிப் பிடிக்க, பெண்கள் கீழே மண்டியிட்டு வெட்டினோம். பிளாஸ்டிக் கூடை தீர்ந்தது. வாளி தீர்ந்தது. குசினியிலிருந்து சட்டி பானை வந்தது. ஒரு அம்மா தன் சேலைத் தலைப்பை விரித்தார். “மெல்ல, மெல்ல, பழம் நசுங்கிடும்” என்று மலர் எல்லாரிடமும் ஓடினாள். என் தலைமுடியில் இலை, முழங்கையில் இரத்தக் கீறல், வாயெல்லாம் சாறு. வாழ்க்கையில் எத்தனையோ அறுவடை பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பயமும் சந்தோஷமும் ஒன்றாகக் கலந்து என்னை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போயின.

பொழுது சாய்வதற்குள் பழம் அவ்வளவும் வீட்டு முன் விறாந்தைக்கு வந்துவிட்டது. கொஞ்சம் நசுங்கியது, அதைப் பிள்ளைகள் தின்றார்கள். பந்தலைப் பையப் பையத் தரையில் இறக்கிவிட்டார்கள். நான் டார்ச் அடித்து ஒவ்வொரு கொடியின் அடித்தண்டையும் தடவிப் பார்த்தேன். வளைந்திருந்தன. ஒன்றுகூட முறியவில்லை.

பெனடிக்ற் காலையில் வந்தார். கட்டையான, கலகலப்பான மனிதர். விறாந்தையில் சட்டியிலும் வாளியிலும் குண்டானிலும் கிடந்த பழத்தைப் பார்த்து, “இதென்ன, கலியாண வீடோ?” என்றார். தன் குழலை எடுத்தார். ஒரு பழத்தை நசுக்கினார். பிறகு இன்னொன்று. பிறகு வேறு வாளியில் ஒன்று. 

“இருவது” என்றார்.

பிறகு ஒரு பழத்தை வாயில் போட்டு, தோலை மெல்ல மென்றுகொண்டே இருந்தார். “தங்கச்சி, இவ்வளவு சின்னனா எப்பிடி எடுத்தனீங்கள்? நான் தேடுறது இதைத்தானே! பெரிய பழத்தை வாங்கித் தண்ணிச் சாயம் காய்ச்சிக் காய்ச்சி அலுத்துப்போனன்.”

மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் “அன்னைக்கே சொன்னேன்ல?” என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நானும் மலரும் பழத்தோடு லொறியில் ஏறினோம். பூநகரி வழியாகப் போகும் சாலை நீளமாக, ஆளே இல்லாமல் கிடந்தது. கடலேரியின் மேல் பாலம் ஏறியபோது காற்று லொறியின் மேல் தார்ப்பாயைப் பிய்த்தது. நாங்கள் இருவரும் அதன் மேல் குப்புறப் படுத்து இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டோம். கீழே இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்கியது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற மீனவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார். மலர் திருப்பிக் கை காட்டப் போய், தார்ப்பாயின் ஒரு மூலை பறந்தது. பிடித்துவிட்டோம்.

பெனடிக்ற்றின் கொட்டகையில் பழத்தைக் காம்பு நீக்கி நசுக்கினார்கள். சாறு வழிந்து பாத்திரத்துக்கு வந்தது. அவர் போன வருஷத்து வைனில் ஒரு சிறு கிளாஸ் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அது மழை நடுவே பறித்த பழமாம். வெளிறிப்போய் ரோஜா நிறத்தில் இருந்தது. மலரின் பழச்சாற்றை அதற்குப் பக்கத்தில் பிடித்தார். தோலோடு சேர்ந்து கிடந்த அந்தச் சாறு அதற்குள்ளாகவே கருஞ்சிவப்பாக மாறத் தொடங்கியிருந்தது. அடுத்தடுத்த இரண்டு வருஷங்களின் மழையும் வெயிலும் இரண்டு கிளாஸில் நின்றன. மலர் மெல்லக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வைனைத் தொடவில்லை. சாற்றை மட்டும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் தாங்கோ” என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விழுந்த பந்தலுக்குப் பக்கத்தில் சிவா, அலவாங்கு என்கிற கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். வலது தோளில் பச்சிலை அரைத்துப் பற்றுப் போட்டிருந்தது. எட்டுப் பத்துக் குழி ஏற்கெனவே முடிந்திருந்தது. கொடியெல்லாம் கயிற்றில் பத்திரமாகத் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. மலர் குழிகளை ஒரு முறை பார்த்தாள்.  பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தாள்.

“கோணலாக் கிடக்கே. வேலிக்கு நேரா இல்லை.”

“வேலிக்கு நேரா வெட்டித்தானே விழுந்தது” என்றார் சிவா, நிமிராமலே. “இது காத்துக்கு நேர். ஊடால பூந்து போகட்டும்.”

மலர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அடுத்த குழிக்கு அளந்து நின்றாள்.